எடை இறங்கியது, சர்க்கரை ஏறியது: 67 வயதுப் பெண்மணி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இதில் வரும் அம்மா ஒரு தனி ஆள் அல்லர். சிங்கப்பூரில் அறுபத்தைந்தைத் தாண்டிய தமிழ்ப் பெண்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் நிலைமையை ஒருவருடையதாகத் தொகுத்து எழுதியது இது. அவருடைய உடல் அளவுகள் தொகுப்புக்கு உரியவை. ஒப்பிடப் பயன்படும் வரம்பெண்களும், பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஆய்வுகளும் உண்மையானவை.

வந்தபோது இருந்த நிலை

வயது 67. ஈசூனில் நான்கறை வீவக வீட்டில் கணவருடன் இருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம். வலது முழங்காலில் தேய்மானம். தாயாருக்கு நீரிழிவு இருந்தது. அண்ணனுக்குச் சர்க்கரைப் புண்ணால் கால் விரல் ஒன்றை எடுத்தார்கள். இவரை விரட்டியது அந்த விரல்தான்.

ஜனவரியில் பலதுறை மருந்தகத்தில், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.3 விழுக்காடு வந்தது. "எடையைக் குறையுங்கள், நடங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். இவர் சொன்னதைச் செய்பவர். ஐந்து மாதத்தில் 63.5 கிலோவிலிருந்து 58.2 கிலோவுக்கு இறங்கினார். உயரம் 154 செ.மீ. என்பதால் பிஎம்ஐ 26.8இலிருந்து 24.5 ஆனது. தினம் ஒன்றரை மணி நேரம் பூங்கா இணைப்புப் பாதையில் நடை. பிள்ளைகள் பாராட்டினார்கள், கோயிலில் பார்த்தவர்கள் "என்ன, பாதியாயிட்டீங்க!" என்றார்கள்.

ஜூனில் எச்பிஏ1சி 6.6.

திருச்சியில் இருக்கும் தங்கை வாட்ஸ்அப்பில் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "அக்கா, உனக்குச் சுகர் வந்துடுச்சு" என்று அழுதார். அவர் பக்கத்து ஆய்வுக்கூடம் 6.5 என்ற வரம்பை அச்சிடுகிறது. சிங்கப்பூரின் நடைமுறை வேறு. இங்கே 7.0ஐத் தொட்டால்தான் எச்பிஏ1சியை மட்டும் வைத்து நீரிழிவு என்பார்கள். 6.1 முதல் 6.9 வரை இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையோ குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையோ செய்துதான் முடிவு சொல்ல வேண்டும். இரண்டும் பிழையல்ல. ஒரே தாளை இரு நாட்டு அளவுகோலால் படித்ததில் வந்த கலவரம் இது.

ஆனாலும் கேள்வி நிற்கிறது. ஐந்து கிலோவுக்கு மேல் குறைந்தவருக்கு எண் ஏன் ஏற வேண்டும்?

எண்ணை நம்புவதற்கு முன்

முதலில் எச்பிஏ1சி பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு அதைச் செயற்கையாக ஏற்றும். இரத்த அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்கள் இறக்கும். இவருக்கு ஹீமோகுளோபின் 12.6, இரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 24 விழுக்காடு, இரண்டும் இயல்பு. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டிருக்க முடியாது. உடலில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயர்ந்து, இரும்புக் குறைவை மறைத்துவிடும். தைராய்டு சரி. சிறுநீரக வடிகட்டல் 74. ஸ்டீராய்டு மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பதைப் பெயர் சொல்லிக் கேட்டு உறுதி செய்தார்கள். மூட்டு வலிக்கு "இயற்கை" என்று விற்கப்படும் சில பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. சர்க்கரை காரணமின்றி ஏறும் முதியவரிடம் இந்தக் கேள்வியைத் தவறவிடக் கூடாது.

அடுத்து 75 கிராம் குளுக்கோஸ் சோதனை. இதில் ஒரு பொறி இருக்கிறது. சில வாரங்களாகச் சோறு குறைத்துச் சாப்பிட்டவருக்கு நேரே குளுக்கோஸைக் கொடுத்தால், அதைக் கையாளப் பழக்கமற்ற உடல் இரண்டாம் மணி எண்ணைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். அதனால் சோதனைக்கு முந்தைய மூன்று நாளும் தினம் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிடச் சொன்னார்கள். அம்மாவுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. சோற்றைக் கண்டாலே குற்ற உணர்வு வரும் நிலைக்குப் போயிருந்தார்.

வெறும் வயிற்றில் 6.6 மில்லிமோல், இரண்டு மணி நேரம் கழித்து 10.4. நீரிழிவுக்கான எல்லைகள் 7.0, 11.1. ஆக இன்னும் நீரிழிவு இல்லை, வாசலில் நிற்கிறார். வெறும் வயிற்று இன்சுலின் 16 அலகு. சர்க்கரையை இன்சுலினால் பெருக்கி 22.5ஆல் வகுத்தால் கிடைக்கும் ஹோமா எண் 4.7. 1985இல் வந்த இந்தக் கணக்கு இன்சுலின் எதிர்ப்பைத் தோராயமாகச் சொல்லும். எல்லாருக்கும் ஒரே வெட்டு எண் கிடையாது, ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இன்சுலின் அளவும் மாறும். இது வழக்கமான சோதனையும் அல்ல. ஒரே ஆளுக்கு, ஒரே ஆய்வுக்கூடத்தில், முன்னும் பின்னும் ஒப்பிடத்தான் இங்கே எடுத்தது. டிரைகிளிசரைடு 2.3, நல்ல கொழுப்பு 1.0. கணையம் நிறையச் சுரக்கிறது, ஆனால் சுரந்தது வேலை செய்யவில்லை என்பதையே எல்லாம் சேர்ந்து சொல்கின்றன.

அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதமான சிஆர்பி, நுண்ணளவுச் சோதனையில் லிட்டருக்கு 6.4 மில்லிகிராம். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் நல்லது, ஒன்று முதல் மூன்று நடுத்தரம், மூன்றுக்கு மேல் கவனிக்க வேண்டியது, பத்தைத் தாண்டினால் ஏதோ தொற்றோ காயமோ இருக்கிறது, ஆறிய பின் மறுபடி எடுக்க வேண்டும். ஒரு சளிக்காய்ச்சல்கூட இந்த எண்ணைத் தூக்கிவிடும் என்பதால் மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்தார்கள்: 5.9. இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஸ்டாட்டின் மாத்திரை சிஆர்பியைக் கணிசமாக இறக்கக்கூடியது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஆறு என்றால், அடியில் எரியும் நெருப்பு சிறியதல்ல.

இறங்கியது எது?

இடுப்பளவு ஜனவரியில் 92 செ.மீ., ஜூனில் 91. ஐந்து கிலோ போயும் ஒரே ஒரு சென்டிமீட்டர். (புடவைக் கொசுவத்தின் மேல் நாடாவைச் சுற்றினால் மூன்று நான்கு செ.மீ. கூடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, தோலின் மேல், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும்.) ஆசியப் பெண்களுக்கு 80க்கு மேல் போனாலே வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று கொள்வார்கள். வயிறு அப்படியே இருக்கிறதென்றால் குறைந்த எடை எங்கிருந்து போனது?

கைப்பிடியின் வலுவை அளக்கும் பிடிமானியை அழுத்தச் சொன்னபோது 15.5 கிலோ. ஆசியத் தசைக்குறைவுக் குழுவின் 2019ஆம் ஆண்டு வரையறைப்படி பெண்களுக்கு 18க்குக் கீழ் என்றால் வலுக்குறைவு. "ஆன்ட்டி, கையை மார்புல கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எழுந்து உட்காருங்க" என்றார் இயன்மருத்துவர். 15.8 வினாடி ஆனது. 12 வினாடியைத் தொட்டாலே குறைபாடு. நடைவேகம் வினாடிக்கு 0.92 மீட்டர், 1.0க்குக் கீழ். கெண்டைக்கால் சுற்றளவு 31.5 செ.மீ., 33க்குக் கீழ். உடலில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தித் தசையைக் கணிக்கும் மின்தடைக் கருவியில் கைகால் தசைக் குறியீடு 5.4, பெண்களுக்கான எல்லை 5.7. தசை அளவு, வலு, செயல்திறன் மூன்றுமே எல்லைக்குக் கீழ் போனால் அதற்குக் கடுமையான தசைக்குறைவு என்று பெயர். தினம் ஒன்றரை மணி நேரம் நடப்பவருக்கு!

நடை இதயத்துக்கும் மனத்துக்கும் நல்லதுதான். தசையைக் கட்டுவதற்கு அது போதாது. உடற்பருமன் உள்ள 65 வயதைத் தாண்டியவர்களைக் கொண்டு 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், எடைக்குறைப்போடு நடை வகைப் பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பற்ற எடையில் 5 விழுக்காட்டை இழந்தார்கள். பளு வகைப் பயிற்சி செய்தவர்கள் இழந்தது 2 விழுக்காடு, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் 3.

இன்சுலின் இரத்தத்திலிருந்து தள்ளிவிடும் சர்க்கரையில் பெரும்பங்கைப் பிடித்து வைப்பது எலும்புத் தசை. ஆய்வகத்தில் இன்சுலினைச் சீராக ஏற்றி அளந்தால் அது ஏறத்தாழ 80 விழுக்காடு என்று வரும். கிடங்கு சுருங்கினால் சரக்கு தெருவில் நிற்கும். அம்மா அரிசியைக் குறைத்தார், கூடவே அரிசியை வாங்கி வைக்கும் கிடங்கையும் இடித்துவிட்டார்.

அழற்சி இதில் எங்கே நுழைகிறது

வயது ஏற ஏற, நோய் எதுவும் வெளியே தெரியாமலேயே உடலில் ஒரு மெல்லிய அழற்சி தங்கிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கியும் அவர் குழுவும் முதுமையையும் அழற்சியையும் ஒட்டவைத்து இதற்கு "இன்ஃப்ளமேஜிங்" என்று பெயரிட்டார்கள். பிரிவதை நிறுத்திக்கொண்டும் சாகாமல் இருக்கும் கிழட்டுச் செல்கள் அழற்சிப் பொருள்களைக் கசிகின்றன. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு பெருத்து, பிராணவாயு போதாமல் தவிக்கும்போது அங்கே நோயெதிர்ப்புச் செல்கள் குவிகின்றன. அந்தக் கொழுப்பிலிருந்து வடியும் இரத்தம் நேரே கல்லீரலுக்குப் போவதால் முதல் அடி கல்லீரலுக்கு.

கொழுப்புத் திசு டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கிறது, அது இன்சுலினைத் தடுக்கிறது என்று எலிகளில் காட்டியது 1993இல் கோகான் ஹோட்டாமிஸ்லிகிலின் ஆய்வு. உள்ளே நடப்பது சுருக்கமாக இது. இன்சுலின் செல்லின் கதவைத் தட்டியதும் உள்ளேயிருக்கும் ஐஆர்எஸ்-1 என்ற புரதத்தின் டைரோசின் இடங்களில் பாஸ்பேட் ஏற வேண்டும். அப்போதுதான் செய்தி நகரும். அழற்சி எழுப்பும் நொதிகள் அதே புரதத்தின் செரின் இடங்களில் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகின்றன. சாவித் துவாரத்தில் மெழுகை ஊற்றியது போல. இன்சுலின் தட்டிக்கொண்டே இருக்கும், கணையம் மேலும் மேலும் அனுப்பும்.

அதே அழற்சி தசையையும் கரைக்கிறது, சாப்பிட்ட புரதம் தசையாக மாறுவதையும் மந்தமாக்குகிறது. தசை குறைந்தால் சர்க்கரை ஏறும், உட்கார்ந்தே இருப்பது கூடும், வயிற்றுக் கொழுப்பு கூடும், அழற்சி கூடும். இந்த வட்டத்தில் எங்கிருந்து கை வைப்பது என்பதுதான் மருத்துவரின் முடிவு.

மாத்திரையால் அழற்சியை அடக்கினால் போதாதா? முயன்றிருக்கிறார்கள். 2017இல் வெளியான காண்டோஸ் ஆய்வில் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசி மருந்து சிஆர்பியை இறக்கியது, 150 மில்லிகிராம் அளவில் இதய நிகழ்வுகளையும் 15 விழுக்காடு குறைத்தது. ஆனால் புதிதாக நீரிழிவு வருவதைத் தடுக்கவில்லை. ஆஸ்பிரினின் உறவான சால்சலேட், நீரிழிவு உள்ளவர்களிடம் 48 வாரத்தில் எச்பிஏ1சியைச் சுமார் 0.4 மட்டுமே குறைத்தது. சிஆர்பி ஒரு புகைமணி. மணியின் வாயை அடைப்பதில் பயன் குறைவு, புகை எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

யாரும் கேட்காத கேள்வி

இவருக்கு வயிற்றுக் கொழுப்பு ஒரு மூலம், சரி. ஆனால் எடை ஏறக்குறைய இதே அளவில் இருக்கும் பலருக்குச் சிஆர்பி இரண்டைத் தாண்டுவதில்லை. உணவியலாளர் மூன்று நாள் சாப்பாட்டை எழுதி வாங்கியபோதுதான் நூல்முனை கிடைத்தது.

காலையில் வெந்நீரில் கலக்கும் 'த்ரீ-இன்-ஒன்' ஓட்ஸ் பானப் பொட்டலம் ஒன்று, அதில் நனைத்த இரண்டு கிராக்கர். மதியம் ஒரு கைப்பிடி குழைந்த சோறு, ரசம், கடைந்த கீரை. நாலு மணிக்கு வாழைப்பழம். இரவு ஓட்ஸ் கஞ்சி. மீன் வாரம் ஒருமுறை, அதுவும் குழம்பில் உதிர்ந்தது. கோழி இல்லை, கொண்டைக்கடலை இல்லை, ஆப்பிள்கூட இல்லை. கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 32 கிராம் புரதம், கிலோவுக்கு 0.55. வயதானவர்களுக்கு 1.0 முதல் 1.2 வரை வேண்டும் என்பது முதியோர் உணவு வல்லுநர் குழுக்களின் பரிந்துரை.

பார்க்கப் பத்தியச் சாப்பாடு போல இருக்கிறது. பட்டியலில் கடிக்க வேண்டிய பொருள் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தவர் உணவியலாளர்தான். கேட்டதும் அம்மா சொன்னார்: இடது பக்கம் மெல்ல முடியாது, ஒரு வருடமாகப் பல் ஆடுகிறது, துலக்கினால் இரத்தம் வரும், "வயசானா அப்படித்தானே".

பல் மருத்துவர் அளந்தபோது ஈறுப் பைகள் 4 முதல் 7 மி.மீ. ஆழம், மூன்று வரைதான் இயல்பு. கீழ் இடது கடைவாய்ப் பற்கள் இரண்டு ஆடின. பரவலான ஈறுநோய் உள்ள வாயில் புண்ணான உட்பரப்பைக் கூட்டினால் 8 முதல் 20 சதுர செ.மீ. வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உள்ளங்காலில் அவ்வளவு பெரிய புண் இருந்தால் வீடே பதறியிருக்கும். வாய்க்குள் என்பதால் பற்பசையை மாற்றினார்கள்.

ஆக, ஒரே பல் இரண்டு வேலை செய்திருக்கிறது. ஒரு பக்கம் கிருமியும் அழற்சியும் நாள் முழுதும் இரத்தத்தில் கசிந்தன. மறுபக்கம் புரதம் உள்ள உணவெல்லாம் தட்டிலிருந்து விலகித் தசை கரைந்தது. ஈறுநோய்க்குச் சிகிச்சை செய்தால் நீரிழிவு உள்ளவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 குறைகிறது என்று காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. கிட்டத்தட்ட ஒரு மாத்திரைக்குச் சமம். நீரிழிவின் வாசலில் நிற்பவர்களுக்கு அவ்வளவு சான்று இல்லை. அழற்சி குறையும், மெல்ல முடியும் என்ற இரண்டே காரணம் போதுமானதாக இருந்தது.

செய்தவை

முதல் இரண்டு வாரத்தில் பல். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்தல், பாதி வாய் ஒரு நாள், மீதி அடுத்த வாரம். காப்பாற்ற முடியாத ஒரு பல்லை எடுத்தார்கள். நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படவில்லை. தினமும் இடைப்பல் துலக்கி பழக்கினார்கள். இதைச் செய்யாவிட்டால் ஆழச் சுத்தம் வீண். சாஸ் அட்டை, மெர்டேக்கா தலைமுறை அட்டை இருப்பவர்களுக்குத் தனியார் பல் மருந்தகத்திலும் மானியம் உண்டு என்பது பல முதியவர்களுக்குத் தெரிவதில்லை. சுத்தம் செய்த அடுத்த சில நாள்களில் சிஆர்பி ஏறும், இறங்காது. அந்த வாரத்தில் இரத்தம் எடுத்தால் சிகிச்சை கெடுதல் செய்தது போலத் தெரியும். அதனால் மறுபரிசோதனையை மூன்றாம் மாதத்துக்குத் தள்ளினார்கள்.

உணவில் இலக்கு நாளுக்கு 70 கிராம் புரதம், வேளைக்கு 22 முதல் 25 கிராம். முதிய தசைக்கு இந்தப் பங்கீடு முக்கியம். காலையில் ஐந்து, மதியம் ஐந்து, இரவில் அறுபது என்று சாப்பிட்டால் தசை அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளாமல் போகலாம். காலையில் ஒரு தோசை, இரண்டு அவித்த முட்டை, சர்க்கரை சேர்க்காத சோயா பால் 250 மி.லி.: மொத்தம் 22 கிராம். மதியம் சமைத்த மீன் 100 கிராம், ஒரு சிறு கிண்ணம் சோறு, காய், தயிர்: 27. இரவு தாவ் குவா என்ற கெட்டிச் சோயாக் கட்டி 120 கிராம், கெட்டிப் பருப்பு அரைக் கிண்ணம்: 22. மெல்லுவது சரியாகும் வரை மீனை ஆவியில் வேகவைத்தும், தாவ் குவாவை உதிர்த்துப் பொரியலாகவும் கொடுத்தார்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தா. அவர்கள் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓட்ஸ் பொட்டலத்தை நிறுத்தினார்கள். ஓட்ஸ் என்ற பெயர் அதற்கு நல்ல சான்றிதழ். உள்ளே இருப்பது பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரினும் சர்க்கரையும் பொடியாக அரைத்த தானியமும். உணவங்காடியில் தே வேண்டுமானால் தே சி கோசோங், அதாவது சர்க்கரை இல்லாத பால் தேநீர். பானத்தின் சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேடு எழுத்து 2023 டிசம்பர் இறுதியிலிருந்து கடையில் கலக்கும் பானங்களுக்கும் வந்துவிட்டதால் கேட்பது எளிது.

தமிழ் வீட்டில் தடுக்கி விழும் இடம் சாம்பார். "பருப்புதானே, புரதம் வந்துடுமே" என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாரில் இருப்பது இரண்டு மூன்று கிராம், மீதி தண்ணீரும் புளியும். செவ்வாய், வெள்ளி சைவம். அன்று முட்டையும் கிடையாது. முதல் மாதம் அந்த இரண்டு நாளிலும் கணக்கு 38 கிராமில் நின்றது. பிறகு புளிக்கவைத்த சோயாவான தெம்பே 100 கிராம் சேர்த்தார்கள், அதில் 19 கிராம் வரும். மஞ்சள் தடவி வறுத்தால் வாழைக்காய் போல இருக்கிறது என்று கணவர்தான் முதலில் ஏற்றுக்கொண்டார்.

பயிற்சி வாரம் மூன்று நாள், 35 நிமிடம், பக்கத்துப் புளோக்கில் உள்ள துடிப்புடன் மூப்படையும் நிலையத்தில் இரண்டு நாள், வீட்டில் ஒரு நாள். நாற்காலியிலிருந்து எழுதல்தான் அடிப்படை. முழங்கால் வலியால் மெத்தை வைத்து இருக்கை உயரத்தை 50 செ.மீ. ஆக்கி, எட்டு முறை வீதம் மூன்று சுற்று. இரண்டு சுற்றுக்கு நடுவே ஒன்றரை நிமிடம் ஓய்வு. வலியின்றி மூன்று சுற்றும் முடிந்தால் அடுத்த வாரம் மெத்தை போகும், அதற்கடுத்து இரண்டு கிலோ அரிசிப் பொட்டலம் நெஞ்சோடு. கூடவே ரப்பர் பட்டையை இழுத்தல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், குதிகால் உயர்த்தல், 15 செ.மீ. படி ஏறுதல். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமத்துக்குப் பத்தில் ஆறு ஏழு மதிப்பெண். நடையை விடவில்லை, ஒன்றரை மணி நேரத்தை உடைத்துச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடமாக மூன்று வேளைக்கும் பிரித்தார்கள். இரண்டாம் மணிச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளத் தசை விழித்திருக்க வேண்டிய நேரம் அதுதான்.

மெட்ஃபார்மின் தொடங்கலாமா என்று பேச்சு வந்தது. 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவு வருவதை 71 விழுக்காடு குறைத்தது, மெட்ஃபார்மின் 11 விழுக்காடு மட்டுமே. நம் இரத்தத்துக்கு நெருக்கமான சான்று சென்னையின் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்டது. அதில் வாழ்க்கைமுறை 28.5, மெட்ஃபார்மின் 26.4 விழுக்காடு, இரண்டையும் சேர்த்ததில் கூடுதல் பலன் வரவில்லை. அங்கே பங்கேற்றவர்களின் சராசரி வயது நாற்பதுகளின் நடுவில். இன்னொரு தயக்கமும் இருந்தது. 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்து 2019இல் வெளியான மாஸ்டர்ஸ் ஆய்வில், பளுப் பயிற்சியோடு மெட்ஃபார்மினும் எடுத்தவர்களுக்குத் தசை வளர்ச்சி மட்டுப்பட்டது. தசையைக் கட்டுவதே சிகிச்சை என்று முடிவான பின் அதையே மழுக்கும் மருந்தை முதல் ஆறு மாதத்தில் வைக்க வேண்டாம் என்பது எடுத்த முடிவு. எச்பிஏ1சி ஏழைத் தொட்டிருந்தால் முடிவு வேறு. மெட்ஃபார்மின் கெட்ட மருந்து என்று இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிடக் கூடாது.

உறவினர்கள் வாங்கி வந்த மஞ்சள் வில்லைகளை ஓரமாக வைக்கச் சொன்னார்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. மிளகுச் சாறு சேர்த்துச் செறிவாக்கிய வில்லைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

தடுமாறிய இடங்கள்

ஐந்தாம் வாரம் வரை பிடிவலு அசையவில்லை. காரணம் எளிது: மிக மெல்லிய மஞ்சள் பட்டையிலேயே இழுத்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் நின்றவர்களும் "ஆன்ட்டி நல்லா பண்றீங்க" என்று விட்டுவிட்டார்கள். முதியவர்களுக்கான வகுப்புகளில் நடக்கும் பெரிய தவறு இந்தக் கரிசனம். பளு ஏறாவிட்டால் அது அசைவு, பயிற்சி ஆகாது.

ஒன்பதாம் வாரம் முழங்கால் வீங்கியது. மூட்டுக்குள் டிரையாம்சினோலோன் 40 மில்லிகிராம் ஊசி போட்டார்கள். இரண்டாம் நாள் கணவரின் கருவியில் பார்த்தால் காலையில் 8.9, மதியம் 14.2. எல்லாம் வீணாயிற்று என்று வீடு கலங்கியது. மூட்டுக்குள் போட்ட ஸ்டீராய்டும் இரத்தத்தில் கொஞ்சம் கசியும், சில நாள் முதல் ஒரு வாரம் வரை சர்க்கரையைத் தூக்கும். ஊசிக்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஏழாம் நாள் 6.3க்கு இறங்கியது. அதே ஊசி சிஆர்பியைப் பொய்யாக இறக்கவும் செய்யும் என்பதால், அந்தப் பரிசோதனை இன்னும் ஐந்து வாரம் தள்ளிப்போனது.

மூன்றாவது தடுமாற்றம் எடை இயந்திரம். பன்னிரண்டாம் வாரத்தில் 59.3 கிலோ, அதாவது ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றம். பயந்து இரவுச் சாப்பாட்டை மறுபடி நிறுத்திவிட்டார். இடுப்பை அளந்து 88 செ.மீ. என்று காட்டிய பின்தான் தட்டு திரும்பி வந்தது. இயந்திரத்தைப் பரணில் போடச் சொன்னது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வேலை செய்தது.

24 வாரம் கழித்து

எடை 59.6, இடுப்பு 86.5. எச்பிஏ1சி 6.1. வெறும் வயிற்றில் 5.9, இரண்டாம் மணி 8.6. இன்சுலின் 10.2, ஹோமா 2.7. சிஆர்பி 2.2. பிடிவலு 18.4 கிலோ, நாற்காலி 11.4 வினாடி, நடை 1.08 மீட்டர். தசைக் குறியீடு 5.6தான், எல்லையை இன்னும் தொடவில்லை. வலு முதலில் வரும், சதை பின்னால் வரும். நரம்பு தசையை எழுப்பக் கற்றுக்கொள்வதற்குச் சில வாரம் போதும், நார்கள் பருக்க மாதங்கள் ஆகும்.

இதில் பல்லுக்கு எவ்வளவு பங்கு, புரதத்துக்கு எவ்வளவு, நாற்காலிக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே காலத்தில் செய்ததால் ஒரு நிகழ்விலிருந்து அந்தக் கணக்கு வராது. சிஆர்பி குறைந்ததால் இன்சுலின் வேலை செய்ததா, தசை கூடி வயிறு குறைந்ததால் சிஆர்பி இறங்கியதா என்பதும் அப்படியே. மேலும் இரண்டாம் மணி 8.6 என்பது இயல்பின் எல்லையான 7.8க்கு மேல்தான், வாசலிலிருந்து இரண்டு படி இறங்கியிருக்கிறார், தெருவுக்கு வந்துவிடவில்லை.

சிங்கப்பூரின் 2010 தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, சீனர்களில் 9.7. நம்மவர்கள் மெலிந்த கை கால்களும் தொந்தியுமாக முதுமைக்குள் நுழைவதால், எடை குறை என்ற ஒரே அறிவுரை இங்கே எளிதில் குறி தப்பும். 60ஐத் தாண்டியவரிடம் அதைச் சொல்லுமுன் ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழச் சொல்லி நேரம் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது, செலவும் இல்லை.

அதன் பிறகு ஐந்து வாரம் திருச்சியில் இருந்துவிட்டு வந்தார். பயிற்சிக்கான சிவப்பு ரப்பர் பட்டை பெட்டிக்குள்ளேயே இருந்தது. திரும்பியதும் நாற்காலி 12.3 வினாடி, பிடி 17.7. மெத்தையில்லாமல் எட்டு முறை, இரண்டு சுற்றிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். பல் மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குளுக்கோஸ் சோதனை ஜூனில், அதற்கு முந்தைய மூன்று நாள் சோறு குறைக்காமல்.